கழுத்துவரை புதைத்த கொடி

கல்யாணமானதிலிருந்து, போன வருஷத்துக்கு முன்புவரை, என் கணவர் ஒரு கோடையில்கூட வீட்டில் இருந்ததில்லை. போர்வெல் போடும் தொழிலில் இருப்பவர்களுக்கு வெயில் காலம்தான் வேலைக் காலம். ஊர் ஊராகக் கிணறு வற்றும்போதுதான் அவர்களைத் தேடி ஆள் வரும். திருச்செங்கோட்டை ஒட்டிய எங்கள் தெருவிலேயே பல வீட்டு ஆண்கள் துளைபோடும் ரிக் வண்டியோடு போகிறவர்கள். தை முடிந்தால் தெருவில் ஆண்குரல் குறைந்துவிடும். மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், அதற்கும் மேலே இமாச்சல மலையடிவாரம் என்று வண்டி போய்க்கொண்டே இருக்கும். என் கணவர் அப்போது வண்டியில் டிரில்லர். தரைக்குள் இரும்பு ராடு இறங்கும்போது பக்கத்தில் நின்று இயந்திரத்தை இயக்குகிறவர்.

அப்போதெல்லாம் கோடை என்றால் எனக்கு நானும் என் மகளும் தையல் மெஷினும்தான். வீட்டின் முன்அறையில் ரவிக்கை தைக்கிறேன். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவரிடமிருந்து போன் வரும்.

"சாப்பிட்டியா அம்மிணி?"

"சாப்பிட்டேனுங்க. நீங்க?"

"ஆச்சு. அங்க வெய்யில் எப்படி?"

"காயுதுங்க."

இதற்கு மேல் பேச இருவருக்கும் எதுவும் இருக்காது. ஆனாலும் அந்த போன் வராத நாளில் எனக்குத் தூக்கம் பிடிக்காது. சில வருஷமாகவே அவர் போனில், "கேக்கல, சத்தமாச் சொல்லு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சிக்னல் சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் மாசி மாதம், சீசன் சூடுபிடிக்கிற நேரத்தில், அவர் வீட்டு வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கினார். முதுகில் பை. இரண்டு கையாலும் ஒரு பெயின்ட் டப்பாவைப் பிடித்திருந்தார். அதற்குள் மண்ணும், மண்ணில் ஒரு காய்ந்த குச்சியும், குச்சியில் நாலைந்து இலையும்.

"ஏனுங்க, சொல்லாம கொள்ளாம வந்துட்டீங்க?"

"என்னது?"

"ஏன் வந்துட்டீங்கன்னு கேட்டேன்!"

"ஓ. பூச்செடி. கொடி. கிளமாட்டிஸுன்னு பேரு."

நான் கேட்டது அதுவல்ல. அப்போதுதான் முதல்முறையாக அவர் காதைப் பார்த்தேன். பார்த்தால் என்ன தெரியும்? எல்லோருக்கும் இருப்பது போலத்தான் இருந்தது.

விஷயம் பிறகுதான் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. மேலே தூக்கிய ராடு நழுவி இறங்கியபோது கூட இருந்தவர்கள் கத்தியிருக்கிறார்கள். இவருக்குக் கேட்கவில்லை. தோளை உரசிக்கொண்டு போயிருக்கிறது. வண்டி முதலாளி, "ஊருக்குப் போய்க் காதைப் பாத்துட்டு அப்பறமா வாங்கண்ணா" என்று அனுப்பிவிட்டார். காலமெல்லாம் ரிக் வண்டியின் கம்ப்ரஸர் இரைச்சலுக்குப் பக்கத்தில் நின்ற காது.

கொடியின் கதையை மட்டும் அன்றைக்கே சொன்னார். அதற்கு முந்தின சீசனில் இமாச்சலத்தில் ஒரு மலைக்கிராமத்து வீட்டில் போர் போட்டிருக்கிறார்கள். அந்த வீட்டு இரும்பு கேட் முழுக்க இந்தக் கொடி. ஒவ்வொரு பூவும் உள்ளங்கையை விரித்தது போல, நாவல்பழ நிறத்தில். அந்த வருஷமும் வண்டி அதே பக்கம் போனதாம். ஊருக்குக் கிளம்புகிற அன்று அந்த வீட்டுக்குப் போய் ஒரு துண்டு கேட்டு வாங்கியிருக்கிறார்.

"நீங்களாப் போய்க் கேட்டீங்களா?" என்று நான் சத்தமாகக் கேட்டேன். யாரிடமும் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாய்விட்டுக் கேட்காதவர் அவர்.

"ஆமா. அந்தம்மா வேரோட குடுத்துச்சு. ரெண்டே ரெண்டு சொல்லுச்சு. தலை வெய்யில்ல இருக்கோணும், காலு நெழல்ல இருக்கோணும். நடும்போது கழுத்து வரைக்கும் பொதைச்சுப் போடோணும். அவ்வளவுதான்."

ரயிலில் வரும்போது குடிக்க வாங்கிய தண்ணீரில் பாதியை இதற்குத்தான் ஊற்றியிருக்கிறார். புறப்படும்போது வெறும் குச்சியாக இருந்ததாம். தெற்கே வரவர இலைவிட்டதாம்.

வந்தவர் போகவில்லை. எனக்கு அதுதான் புதிது. விருந்தாளி வந்தால் நாலு நாள் பொறுத்துக்கொள்ளலாம். இவர் என் சமையல்கட்டு டப்பாக்களை வரிசை மாற்றி வைத்தார். மசாலா இருந்த இடத்தில் ரவை. நான் துணி வெட்டும் பலகை மேல் அவருடைய கண்ணாடி. டிவியை அடுத்த தெருவுக்கும் சேர்த்து வைப்பார். அளவு கொடுக்க வரும் பெண்கள் கூச்சப்பட்டு நின்றார்கள். "அக்கா இருக்காங்களா?" என்று ஒருத்தி கேட்டால், "கரண்டு இருக்குது, உள்ள போ சாமி" என்பார். அவர்கள் சிரித்துக்கொண்டே உள்ளே வருவார்கள். நானும் சிரிப்பேன். அவர்கள் போன பிறகு எரிச்சலாக வரும்.

ஒரு நாள், அவரோடு வேலை செய்தவர்கள் யாரோ போன் செய்தார்கள். இவர் போனைக் காதில் அழுத்தி வைத்துக்கொண்டு, "ஆமா... ஆமா... அப்படியா... செரி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, ஒரு வார்த்தைகூட அவருக்குள் போகவில்லை. போனை வைத்துவிட்டு, "எல்லாரும் நல்லா இருக்காங்களாம்" என்றார். நான் மெஷினை மிதிக்க ஆரம்பித்தேன்.

டாக்டரிடம் போகலாம் என்றால், "நானென்ன கெழவனா, காதுல மெஷின் மாட்டிக்க?" என்றார். நர்சிங் படிக்க அந்த வருஷம்தான் விடுதிக்குப் போயிருந்த மகளும் போனில் சொன்னாள். அவளிடமும், "ஆமா சாமி... செரி சாமி" என்றார். அவள் என்னிடம், "அம்மா, அப்பாவுக்கு நாஞ் சொன்னது எதுவுமே கேக்கல" என்றாள். "தெரியும் கண்ணு" என்றேன்.

கொடியை முதலில் மொட்டைமாடியில் வைத்தார். தலை வெயிலில் இருக்க வேண்டுமே. பங்குனி வெயில் எங்கள் ஊரில் எப்படி என்று அவருக்கு மறந்துபோயிருந்தது. மதியம் துணி எடுக்கப் போன நான் டப்பாவைத் தொட்டேன். அடுப்பில் வைத்த பாத்திரம் போல் சுட்டது. இலை ஓரமெல்லாம் அப்பளம் போல் நொறுங்கியது. கீழே வந்து அவர் கையைப் பிடித்து மேலே கூட்டிக்கொண்டு போய் டப்பாவைத் தொட வைத்தேன். கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"காலு வெந்துபோச்சு" என்றார். செடியைச் சொன்னார்.

அன்று சாயங்காலமே அதற்கு இடம் தேட ஆரம்பித்தார். எங்கள் வீட்டுக்குக் கிழக்கே, சுவருக்கும் சுற்றுச்சுவருக்கும் நடுவில் ஒரு சந்து போன்ற இடம். அங்கே துணி துவைக்கும் கல்லும், உயரமான தூண்மேல் தண்ணீர்த் தொட்டியும், என் கறிவேப்பிலை மரமும் இருக்கின்றன. காலை வெயில் மட்டும் விழும். மதியத்துக்கு மேல் வீட்டு நிழல் வந்துவிடும். கறிவேப்பிலையின் காலடியில் மண் எப்போதும் கருப்பாக இருக்கும்.

"இந்த எடம் குடுப்பியா?" என்று கேட்டார். அது அவர் கட்டிய வீடுதான். ஆனாலும் கேட்டார். கொல்லைப்புறம் என்னுடையது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. "எடுத்துக்கோங்க" என்றேன்.

மறுநாள் விடிந்ததும் கடப்பாரையோடு இறங்கிவிட்டார். ஒரு செடிக்கு ஒரு முழம் குழி போதாதா? இவர் இடுப்பளவுக்குத் தோண்டினார். மண்வெட்டியும் கடப்பாரையும் கையில் வந்தவுடன் ஆளே மாறிவிட்டார். பக்கத்து வீட்டில் தேங்காய் மண்டி வைத்திருக்கும் பாய் குடும்பம். அந்த வீட்டு அக்கா சுவருக்கு மேலாக எட்டிப்பார்த்தார்.

"ஏம்மா, செடி வெக்கக் குழியா, தண்ணி எடுக்கக் குழியா?"

"அவருக்குப் பழக்கதோசம் அக்கா" என்றேன்.

போர் போடுகிறவர் வீட்டு போரில் தண்ணீர் இல்லை என்பது தெருவில் பழைய சிரிப்பு. எங்கள் போர் அந்தக் கோடைக்கு முன்பே காற்றுதான் விட்டது. குழாய்த் தண்ணீர் வருகிற அன்றைக்குத் தொட்டியை நிரப்பிவைத்துக்கொண்டு ஓட்டுவோம்.

குழிக்குள் நின்றிருந்தவர் என்னைக் கூப்பிட்டார். "இங்க வா. கையை உள்ள உடு."

குழியோரத்தில் உட்கார்ந்து கையை விட்டேன். மேலே முதுகு காய்ந்தது. கீழே அடிமண்ணில் பட்ட விரல்கள் சில்லென்றன. தண்ணீர்ப் பானையைத் தொட்டது போல் இருந்தது.

"எந்த ஊருக்குப் போனாலும் இப்படித்தான் அம்மிணி. மேல பாலைவனமாட்ட இருக்கும். அடியில போனா மண்ணு குளுகுளுன்னு வரும். மொதல்ல தூசியா வரும், அப்பறம் ஈர மண்ணு வாசம் வரும். அந்த வாசம் வந்துச்சுன்னா எங்களுக்குள்ள யாரும் பேச மாட்டோம்."

அவர் வேலையைப் பற்றி அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. போனில் இதையெல்லாம் எப்படிச் சொல்லுவார்? பதிலுக்கு நான் எதையும் கத்தவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் பேசிக்கொண்டே போனார். பாலைவனத்தில் ஒரு கிராமம், தண்ணீர் வந்ததும் பெண்கள் சேற்றைத் தூக்கி ஒருவர் மேல் ஒருவர் பூசிக்கொண்டது, ஒரு ஊரில் எத்தனை இடத்தில் போட்டும் பாறை மட்டுமே வந்தது. காலைச் சோற்றுக்கு நேரமாகிவிட்டது. அன்று தைக்க வேண்டிய ரவிக்கைகள் அப்படியே கிடந்தன.

எருவும் மணலும் கலந்து குழியை நிரப்பினோம். கொடியை டப்பாவிலிருந்து எடுத்து, அடியில் இருந்த இரண்டு கணுவும் மண்ணுக்குள் போகும்படி வைத்தார்.

பக்கத்து வீட்டு அக்கா பதறிப்போனார். "தம்பி, கழுத்தப் பொதைக்கிறீங்களே, அழுவிப் போயிருமே!"

அவருக்குக் கேட்கவில்லை. அக்காவைப் பார்த்துச் சிரித்தார். அக்கா என்னைப் பார்த்துத் தலையிலடித்துக்கொண்டார். ஆனாலும் மண்டியிலிருந்து ஒரு சாக்கு நிறைய தேங்காய் நார் கொடுத்தனுப்பினார். அதை வேருக்கு மேல் மெத்தை போல் பரப்பி, மேலே உடைந்த கடப்பாக் கல் துண்டுகளை அடுக்கினோம். காலுக்கு நிழல் ஆயிற்று.

அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவின தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு வாளியில் சேர்த்து வைப்பேன். சாயங்காலம் டீ குடித்ததும் அவர் அந்த வாளியோடு கிழக்குப் பக்கம் போவார். கல்லை நகர்த்தி, நாரை விலக்கி, மண்ணை விரலால் குத்திப் பார்த்துத்தான் ஊற்றுவார். கொடி பிழைத்துக்கொண்டது. கருகின இலை உதிர்ந்து புது இலை வந்தது. மூன்று மூன்றாக, நடுவில் கொஞ்சம் நீளமான இலை.

ஆனால் ஏறவில்லை. ஏறுவதற்கு அவர் ஒரு ஜிஐ இரும்புப் பைப்பை நட்டிருந்தார். ரிக்காரர் அல்லவா, கொடிக்கும் பைப்தான் தோன்றியிருக்கிறது. கம்பியால் கட்டிவிட்டால் அந்த இடத்தில் நிற்கும். அதற்கு மேல் தலை தொங்கிவிடும். அவரைக்கொடி போல் சுற்றிக்கொள்ளத் தெரியவில்லை இதற்கு.

"மலையில கேட்ல எப்படி ஏறுச்சுன்னே தெரியல" என்று அவரே குழம்பினார்.

ஒரு நாள் துணி துவைக்கும்போது பார்த்தேன். என் தையல் அறையிலிருந்து காற்றில் பறந்துவந்த நூல் ஒன்று கறிவேப்பிலைக் கிளைக்கும் கொடிக்கும் நடுவில் சிக்கியிருந்தது. கொடியின் ஒரு இலை, தன் காம்பையே வளைத்து அந்த நூலைச் சுற்றிப் பிடித்திருந்தது. குழந்தை விரலைப் பிடிப்பது போல. தண்டு சுற்றவில்லை, இலைக்காம்புதான் சுற்றுகிறது. அவ்வளவு சின்னக் காம்பு அந்தப் பருத்த பைப்பை எப்படிச் சுற்றும்?

ஈரக்கையோடு உள்ளே ஓடி அவரைக் கூட்டிவந்து காட்டினேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார். "அட! அந்தக் கேட்டு வலைக்கம்பி. அதான் புடிச்சிருக்குது" என்றார்.

சாக்கு தைக்கும் முரட்டு நூலை இரண்டிரண்டாக முறுக்கி, தொட்டியின் அடிச்சட்டத்திலிருந்து தரை வரை இழுத்துக் கட்டினேன். அவர் கீழே ஆணி அடித்தார். நான் கையைக் காட்டினால் இழுப்பார், இன்னொரு மாதிரி காட்டினால் விடுவார். அந்த வேலைக்குக் காது தேவைப்படவில்லை. அதன் பிறகு கொடி நிற்கவே இல்லை. சித்திரை பாதியில் என் தலைக்கு மேல் போய்விட்டது. உச்சியில் மொட்டு மாதிரி ஒன்றுகூடத் தெரிந்தது.

அக்னி நட்சத்திரம் தொடங்கியிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா சேலத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். ஒரு மதியம் வேலை சீக்கிரம் முடிந்தது. கொடியின் தலை காற்றில் ஆடிக்கொண்டிருந்ததால் மேலே இன்னும் இரண்டு நூல் கட்டலாமென்று ஸ்டூலைப் போட்டு ஏறினேன். துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் மண் ஏன் அவ்வளவு இளகியிருந்தது என்று அப்போது யோசிக்கவில்லை. ஸ்டூலின் ஒரு கால் மண்ணுக்குள் இறங்கியது. கைக்கு எட்டியதைப் பிடித்தேன். நூல், கொடி எல்லாமே என் கையோடு வந்தன.

விழுந்த வேகத்தில் கணுக்கால் மடங்கிவிட்டது. எழ முயன்றேன். உயிர் போகிற வலி.

"ஏனுங்க!" என்று கூப்பிட்டேன்.

உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சுவருக்கு அந்தப்பக்கம்தான் இருந்தார்.

"ஏனுங்க! இங்க வாங்க!"

எத்தனை முறை கூப்பிட்டேன் என்று தெரியாது. தொண்டை கட்டிப்போனது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அழுகை வந்தது. காலுக்காக அழவில்லை. வெளியூரில் இருந்தபோதாவது அவர் தூரத்தில் இருக்கிறார் என்று மனசு ஒத்துக்கொண்டது. பக்கத்தில் இருக்கும்போதும் என் குரல் போய்ச் சேரவில்லையே என்றிருந்தது. கையில் பார்த்தால் கொடி. தரையை ஒட்டி முறிந்து முழுசாக வந்திருந்தது. அந்த மொட்டும் இருந்தது.

வீட்டு நிழல் சுற்றுச்சுவரைத் தொட்டபோது அவர் வாளியோடு வந்தார். செடிக்குத் தண்ணீர் ஊற்றும் நேரம். என்னைப் பார்த்ததும் வாளியைப் போட்டுவிட்டார்.

"எப்ப உழுந்த?"

நிழலைக் காட்டினேன். வெயில் எங்கே இருந்தது, இப்போது எங்கே இருக்கிறது என்று கையால் காட்டினேன்.

"கூப்பிட்டியா?"

கையிலிருந்த கொடியை மடியில் வைத்தேன்.

"அம்மிணி, கூப்பிட்டியா?"

"கூப்பிட்டேனுங்க."

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டார். அப்படியே என் பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். ரயிலில் தன் தண்ணீரைப் பங்கிட்டுக் கொண்டுவந்த கொடி என் மடியில் முறிந்து கிடந்தது. அதை அவர் பார்க்கவே இல்லை. என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வீக்கத்தைத் தொடாமல் சுற்றிலும் மண்ணைத் துடைத்தார். பிறகு என்னைத் தூக்கிக்கொண்டு போனார்.

திருச்செங்கோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்பு முறியவில்லை, சவ்வு பிசகியிருக்கிறது, காலை ஊன்றக் கூடாது என்றார்கள். கட்டுப் போட்டு முடித்ததும் இவர் நேராக மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்த நர்ஸிடம் போனார்.

"ஏஞ்சாமி, காது பாக்குற டாக்டர் எங்க இருப்பாருங்க?" என்று கேட்டார்.

வலிக்கு நடுவிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் கேட்டது ஆஸ்பத்திரி முழுவதற்கும் கேட்டிருக்கும். அந்தப் பெண் ஒரு பேப்பரில் எழுதிக்காட்டினாள்.

சேலத்தில் காது டாக்டர் சோதனை செய்தார். போன காது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டு மெஷின் வைத்துக்கொள்ளலாம் என்றார். மகள் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடப் போனாள். மெஷினோடு அவர்கள் வீடு திரும்பிய அன்று நான் முன்அறையில் காலை நீட்டி உட்கார்ந்து கொக்கி தைத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் முதலில் என்ன பேசுவாரோ என்று எனக்குள் ஒரு படபடப்பு. கல்யாணமான புதிதில் இருந்தது போல.

அவர் வாசலில் நின்று தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார். பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடியதும் முகம் சுளித்தார். பிறகு என்னைத் தாண்டிக் கிழக்குப் பக்கம் போனார். அங்கிருந்து குரல் வந்தது.

"ஏ அம்மிணி! இந்தத் தொட்டி ஒழுவுது!"

"என்னுங்க?"

"சொட்டுச் சொட்டுன்னு கேக்குது பாரு. எத்தனை நாளா இப்படி?"

மகள் ஓடிப்போய்ப் பார்த்தாள். தொட்டியின் அடியில் குழாய் சேரும் இடத்தில் கசிவு. நார்மேல் சொட்டி, அதற்கடியில் மண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. நல்ல காது இருந்தும் எனக்கு அது கேட்டதில்லை. என் ஸ்டூல் கால் இறங்கியதற்கும் அதுதான் காரணம். மூவரும் சிரித்தோம். அவர் ஸ்பேனரை எடுத்துவந்து ஒரு நிமிஷத்தில் இறுக்கிவிட்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் என்னிடம், "சத்தமாப் பேசாத. நீ கத்தறயே" என்றார். எனக்கே தெரியாமல் எனக்குக் கத்துவது பழகிப்போயிருந்தது. மெதுவாகப் பேச நான் மறுபடி கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

இரண்டொரு நாள் கழித்து அவர் தொட்டிக்கடியில் எதையோ யோசித்துக்கொண்டு நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். "அந்தச் சொட்டு நேரா வேருலதான் உழுந்துட்டு இருந்திருக்குது" என்றார். "நிறுத்திப்போட்டது தப்போ என்னமோ."

"செடியே போச்சுங்களே?"

"மேல போச்சு" என்றார். ஸ்பேனரை எடுத்து, இறுக்கியதில் கால்சுற்றைத் தளர்த்திவிட்டார். தண்ணீர்ப் பஞ்சத்தில் வேண்டுமென்றே தொட்டியை ஒழுகவிட்ட வீடு எங்கள் தெருவில் எங்களுடையது மட்டும்தான் இருக்கும்.

வைகாசியில் ஒரு சாயங்காலம் மேற்கே கருத்து, மண்வாரிக் காற்றடித்து, கோடை மழை கொட்டியது. அதற்குள் நான் காலை மெல்ல ஊன்ற ஆரம்பித்திருந்தேன். மழை விட்ட மறுநாள் காலை, துவைக்கும் கல்மேல் உட்கார்ந்து பல் துலக்கிக்கொண்டிருந்தேன். கடப்பாக் கல் இரண்டுக்கு நடுவில், நாரைத் துளைத்துக்கொண்டு, ஈர்க்குச்சி கனத்தில் செம்பழுப்பாக ஒன்று நின்றது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று.

"ஏனுங்க" என்றேன். சாதாரணமாக, பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிடுகிற குரலில்தான் சொன்னேன். அவர் உள்ளே அப்போதுதான் எழுந்து காதில் மெஷினை மாட்டியிருந்தார்.

"வாரேன்" என்று பதில் வந்தது.

அவர் வந்து மண்டியிட்டு நாரை விலக்கினார். மண்ணுக்குள் புதைத்த இரண்டு கணுவிலிருந்தும் வந்திருந்தது. மேலே முறிந்தது முறிந்ததுதான். அடியில் இருந்ததற்கு ஒன்றும் ஆகவில்லை. பக்கத்து வீட்டு அக்காவும் வந்து பார்த்தார். "அழுவிப்போயிரும்னு சொன்னேனே தம்பி. நல்ல வேளை, நீங்க காதுல வாங்கல" என்றார். இந்த முறை அவருக்குக் கேட்டது. இருவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

புதுத் தளிர்கள் வேகமாக ஏறின. நூல்களை நான் சொல்லச் சொல்ல அவர் ஸ்டூலில் ஏறிக் கட்டினார். வெயில் தணிந்து, ஆனிக் காற்று வீசத் தொடங்கியபோது இரண்டு பூ விட்டது. அவர் சொன்ன மாதிரி உள்ளங்கை அகலம் இல்லை. ரவிக்கைக்கு வைக்கிற பெரிய பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். நாவல்பழ நிறமும் இல்லை. பழம் பிழிந்த தண்ணீரில் துணியை ஒருமுறை முக்கி எடுத்தால் வருகிற நிறம்.

"அங்க இருந்ததுக்கு இது பேரனாட்ட இருக்குது" என்றார். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். எனக்கு அந்தப் பெரிய பூவைத் தெரியாது. அதனால் குறையொன்றும் தோன்றவில்லை. விடிந்ததும் போய்ப் பார்ப்பேன். அளவு கொடுக்க வந்த பெண்கள் எல்லோரும் கிழக்குப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். ஒருத்தி அதே நிறத்தில் ரவிக்கைத் துணி தேடி வாங்கிவந்தாள்.

மழைக்காலம் முடிந்ததும் வண்டி முதலாளி போன் செய்தார். இப்போது இவருக்குப் போன் கேட்கும். நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லையா என்றால் இருக்கிறது. ஆனால் அது அவர் தொழில், அவர் சொல்லட்டும் என்று இருந்தேன்.

"இல்லீங்க" என்றார் போனில். "கம்ப்ரஸர் பக்கத்துல நிக்க வேண்டாமுன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. இங்கயே மோட்டார் எறக்குற வேலை இருக்குதுங்க. பக்கத்து ஊருங்கதான். பொழுது சாய ஊட்டுக்கு வந்துருவேனுங்க."

அப்படித்தான் இப்போது நடக்கிறது. யார் வீட்டு போரிலாவது மோட்டார் மாட்டிக்கொண்டால் இவரைத்தான் கூப்பிடுகிறார்கள். சில நாள் மதியச் சோற்றுக்கே வந்துவிடுவார். சண்டையும் போடுகிறோம். டப்பா வரிசையைப் பற்றிய சண்டை இன்னும் தீரவில்லை. காது மெஷினைக் கழற்றி வைத்துவிட்டால் அவர் கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம்.

இது இரண்டாவது கோடை. போன ஐப்பசியில் ஒரு தண்டை வளைத்து மண்ணில் புதைத்து வேர்விட வைத்தோம். அதை வெட்டி எடுத்துப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்தோம். அக்கா என் நூலைக் கேட்கவில்லை. மண்டியிலிருந்து கொண்டுவந்த தேங்காய் நாரையே மெல்லிசாகத் திரித்துக் கட்டிவிட்டார். நாரில் சொரசொரப்பு இருப்பதால் இலைக்காம்பு வழுக்காமல் பிடிக்கிறது போலிருக்கிறது. எங்கள் கொடியைவிட அவருடையது முழ உயரம் கூடிவிட்டது. இன்று காலை இவர் ஸ்டூலைச் சுற்றுச்சுவரோரமாகப் போட்டு ஏறி, அந்தப்பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னுங்க பாக்கறீங்க?"

"அக்கா கொடியில மொக்கு வெச்சிருச்சு" என்றார், திரும்பாமலே. "மண்டியில கொஞ்சம் நாரு கேட்டு வாங்கிட்டு வாரேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.